பள்ளி எங்கே போயிற்று?

"பள்ளிக்கூடம் போய் வருகிறேன்" என்று தாயிடம் கூறிவிட்டுப் புறப்படுகிறான் சிறுவன். கம்பம் பள்ளத்தாக்கின் காலை நேரம். இருபுறமும் மலைத்தொடர், நடுவே முல்லைப் பெரியாறு. வயலும் வாழையும் திராட்சைப் பந்தலும் வழியெங்கும் பசுமை காட்ட, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறான். 'பள்ளி' என்ற சொல்லை ஆயிரம் முறை அவன் கூறியிருப்பான். அச்சொல் எங்கே பிறந்தது, எவரிடம் வளர்ந்தது என்று எவரும் அவனுக்குக் கூறியதில்லை. கூற நினைத்திருந்தால் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. உத்தமபாளையத்திலே, கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டி நிற்கும் பாறையைக் காட்டி, "தம்பி! அதோ பார், அங்கேயும் ஒரு பள்ளி இருந்தது" என்று சொல்லியிருக்கலாம்.

பாறை பேசுகிறது. கேட்பார்தாம் இல்லை!

அந்தப் பாறையிலே வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன உருவங்கள். சில நிற்கின்றன, சில அமர்ந்திருக்கின்றன. ஒன்றின் தலைக்குமேல் படமெடுத்த நாகம்; சிலவற்றின் மேலே முக்குடை. கையிலே வேல் இல்லை, வாள் இல்லை. கழுத்திலே அணி இல்லை. அருகிலே துணைவி இல்லை. போரிடாத, வரம் தராத, சாபமிடாத உருவங்கள்! இவை சமணத் தீர்த்தங்கரர்களின் வடிவங்கள். காலம் 9, 10ஆம் நூற்றாண்டு. உருவங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன: செய்வித்தவர் பெயர், அவர்தம் ஆசிரியர் பெயர். இக்குன்றுக்கு அந்நாளில் வழங்கிய பெயர் திருக்குணகிரி. குணகிரித் தேவர்க்கு விளக்கெரிக்கக் கொடையளித்த செய்தியும் கல்லிலே உண்டு.

பெயர்களிலே ஒன்று அச்சணந்தி. மற்றொன்று அரிட்டநேமி. அக்காலச் சமணக் கல்வெட்டுகளில் ஆசிரியர்கட்கு வழங்கிய சிறப்புப் பெயர்களுள் ஒன்று என்ன தெரியுமா? 'பெரியார்'! கனகநந்திப் பெரியார், அரிட்டநேமிப் பெரியார் என்று கல் கூறுகிறது. கற்பித்தவரைப் பெரியார் என்றழைக்கும் பண்பு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்நாட்டில் இருந்தது என்பதற்குப் பாறையே சான்று.

அச்சணந்தி ஓர் ஊரோடு நின்றவரல்லர். மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, சமணர்மலை. பழனிப் பக்கத்து ஐவர்மலை. தெற்கே நெல்லை நாட்டு ஏர்வாடி. வடக்கே வள்ளிமலை — இத்தனை இடங்களிலும் அவர் பெயர் காணப்படுகிறது. சமணர்மலைப் பேச்சிப்பள்ளத்திலே அவர்தம் தாயார் குணமதியார் பெயரும் உண்டு. துறவியின் பெயரைக் கல்லிலே காண்பது வியப்பன்று. துறந்த மகனின் தாய்க்கும் கல்லிலே இடங்கிடைத்ததே, அது வியப்பு!

பள்ளி என்றால் என்ன? படுக்கும் இடம், தங்கும் இடம் என்பது அடிப்பொருள். மழைக்காலத்தில் ஊர் ஊராகத் திரியக் கூடாதென்பது சமணத் துறவியர் ஒழுக்கம். எனவே குகைத் தளத்தைச் செதுக்கிக் கற்படுக்கை அமைத்துத் தங்கினர். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றிலே, தமிழ்ப் பிராமி எழுத்தில், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரோடு, கணி நந்தன் என்னும் துறவிக்குச் செய்வித்த பள்ளியைப் பற்றிய செய்தி இருக்கிறது. கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட எழுத்து அது. 1882ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தவர் இராபர்ட் சூவெல். வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் அங்கே கொடையாளர். அரசன் ஆட்களும் வணிகரும் சேர்ந்து அமைத்த இடத்தில் துறவி தங்கினான், தங்கியவன் கற்பித்தான், கற்க வந்தவர் கூடினர். படுக்கும் இடம் படிக்கும் இடமாயிற்று. பள்ளி பள்ளிக்கூடமாயிற்று!

எழுத்தையே துறவியர்தாம் கொண்டுவந்தனர் என்று கூறுவாருமுண்டு. அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. கூடலூர் ஆநிரை கவர்ந்த பூசலிலே பட்ட வீரனுக்கு நட்ட கல் அவற்றுள் ஒன்று. மாடு பிடிக்கப் போய் மாண்டவனுக்கும் எழுத்துப் பொறித்த நாடு இது! மடத்துக்கு வெளியேயும் எழுத்து வாழ்ந்தது. ஆயினும் எழுத்தை முறையாகக் கற்பிப்பதைத் தொழிலாகவும் அறமாகவும் கொண்ட நிலையங்களாகப் பள்ளிகள் விளங்கின என்பதை மறுக்க இயலாது. சோறு, மருந்து, அடைக்கலம், கல்வி ஆகிய நான்கையும் கொடுப்பதே கொடை என்றனர் சமணர்.

கழுகுமலைக்குச் சென்று பாருங்கள். நூற்றுக்கணக்கான சிறு உருவங்கள். அவற்றின் கீழே ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள். உழவரும் கைவினைஞரும் கொடையாளர் வரிசையில் நிற்கின்றனர். 'குரத்தியார்' என்ற பெயர் அங்கே அடிக்கடி வருகிறது. குரவர் ஆண் ஆசிரியர். குரத்தி பெண் ஆசிரியர். வடக்கே வேடால் என்னும் ஊரிலே, சோழன் முதலாம் ஆதித்தன் காலத்தில், கனகவீரக் குரத்தியார் என்னும் அம்மையாரிடம் 500 மாணாக்கியர் இருந்தனர் என்று கல்வெட்டுக் கூறுகிறது. பெண் படிப்பதா என்று பாட்டிமார் காலத்தில் கேட்டார்களே, அந்த நாட்டிலே, 1,100 ஆண்டுகட்கு முன்னர், ஒரு பெண்ணிடம் 500 பெண்கள்!

அத்தகைய பள்ளிகள் எங்கே? திருக்குணகிரியில் ஒலித்த பாடம் எங்கே? யார் அதனை நிறுத்தினர்?

இக்கேள்விக்கு விடை தேடுமுன், ஒருமுறை கடல் கடந்து சென்று வருவோம். ஒரு நாட்டிலே துறவியர் மடங்கள் ஒருசேர அழிந்ததை, கணக்கோடும் கையெழுத்தோடும் காட்டும் வரலாறு பிரிட்டனில் இருக்கிறது. தெளிவாகத் தெரிந்த ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால், தெளிவற்றது எங்கே தெளிவற்றிருக்கிறது என்பது புலப்படும்.

பிரிட்டனின் பசும்புல் வெளிகளிலே கூரையிழந்த கல்மண்டபங்கள் பல நிற்கின்றன. அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை அகுஸ்தினார் சபையாருக்கு உரியனவாக இருந்தவை. வட ஆப்பிரிக்காவில் 4, 5ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகுஸ்தினார் என்னும் ஆயரின் ஒழுங்குமுறையைப் பின்பற்றியவர்கள் இவர்கள். கருப்பு மேலாடை அணிந்ததால் கருப்புத் துறவியர் என்றும் அழைக்கப்பட்டனர். மடத்துக்குள் அடைந்து கிடக்காமல், ஊருக்குப் பணி செய்வதையும் கடமையாகக் கொண்டனர். இலண்டனில் 1123இல் ராகியர் என்பவர் அமைத்த பர்த்தலோமியோ மடத்தோடு ஒரு மருத்துவமனையும் எழுந்தது. மடம் மாண்டது, மருத்துவமனை இன்றும் நோயாளிகளை ஏற்கிறது.

கோல்செஸ்டர் நகரிலே இவர்கள் எழுப்பிய பொட்டால்ப் மடம், உரோமர் விட்டுச்சென்ற கட்டடங்களின் செங்கற்களைக் கொண்டே கட்டப்பட்டது. ஒரு காலத்தின் இடிபாடு மற்றொரு காலத்தின் கோபுரமாயிற்று. அக்கோபுரமும் பின்னர் இடிபாடாயிற்று!

இம்மடங்களை ஒழித்தவன் எட்டாம் என்றி மன்னன். மணவிலக்குத் தர மறுத்த போப்பாண்டவருடன் பகைத்துக்கொண்டு, திருச்சபைக்குத் தானே தலைவன் என்று அறிவித்தான். 1535இல் அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று மடங்களின் சொத்தைக் கணக்கெடுத்தனர். 1536இல் சட்டம் வந்தது: ஆண்டு வருவாய் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்கள் மன்னனுக்கு! 1539இல் பெரிய மடங்களுக்கும் அதே கதி. 1540ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வால்த்தம் என்னும் அகுஸ்தினார் மடம் வீழ்ந்தது. கடைசியாக வீழ்ந்த மடம் அதுவே. நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 800 மடங்கள்! கூரையின் ஈயத்தை உருக்கினர், மணிகளை உருக்கினர், நிலத்தை விற்றனர். வடநாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிரிட்லிங்டன் மடத்தின் தலைவர் வில்லியம் வுட் அக்கிளர்ச்சியின் பேரால் 1537இல் கொல்லப்பட்டார்.

பக்தி உந்தியா மன்னன் இதனைச் செய்தான்? பகுத்தறிவு உந்தியா? இரண்டும் இல்லை. பணம்! மடத்து நிலங்கள் பிரபுக்களின் மாளிகைகளாயின. எலா என்னும் சீமாட்டி 13ஆம் நூற்றாண்டிலே பெண் துறவியருக்காக அமைத்த இலேக்காக் மடம் செல்வர் வீடாயிற்று. மூன்று நூற்றாண்டுக்குப் பின்னர், அவ்வீட்டிலே வாழ்ந்த டால்பட் என்பவர், 1835இல் அதன் சன்னல் ஒன்றை ஒளிப்படமாகப் பதிவுசெய்தார். இன்றளவும் எஞ்சியுள்ள ஒளிப்பட எதிர்ச்சுருள்களில் மிகப் பழையது அது. செபம் ஒலித்த கூடத்திலே விஞ்ஞானம் கண் விழித்தது!

அங்கே எல்லாம் தெரிகிறது. ஆணையிட்டவன் பெயர் தெரியும், ஆண்டு தெரியும், எந்த மடத்தில் எத்தனை பவுண்டு என்ற கணக்கும் தெரியும். இனி, நம் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். திருக்குணகிரிப் பள்ளியை ஒழித்தவன் யார்?

உடனே ஒரு கதை நம் நாவிலே எழும். "மதுரையிலே சம்பந்தர் வாதில் வென்றார், பாண்டியன் சமயம் மாறினான், எண்பெருங்குன்றத்துச் சமணர் 8,000 பேர் கழுவேற்றப்பட்டனர்." மேடைகளிலே நாம் முழங்கிய கதை! மதவெறியின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை எடுத்தாண்ட கதை. அதே நிகழ்ச்சியைக் கோயில் சுவரிலே ஓவியமாகத் தீட்டி, வெற்றியெனக் கொண்டாடினோரும் உண்டு. ஒரு கதையை ஒருவர் பெருமையாகவும் மற்றவர் குற்றமாகவும் கூறுகின்றனர். நடந்ததா என்று கேட்பதை மட்டும் இருவருமே மறந்தனர்!

பகுத்தறிவாளன் கேட்கத்தான் வேண்டும். பகைவன் கூறும் புளுகை ஆராய்வது எளிது. நமக்குப் பயன்படும் கதையை ஆராய்வதே அரிது. அங்கேதான் நம் பகுத்தறிவுக்கு உண்மையான தேர்வு!

சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. 8,000 பேர் கழுவேறியதை விரித்துக் கூறும் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். இடையே ஐந்நூறு ஆண்டுகள். நிகழ்ந்த காலத்தைச் சேர்ந்த கல்வெட்டு எதுவும் இதனைக் கூறவில்லை. அது மட்டுமன்று. சமணர் அனைவரும் 7ஆம் நூற்றாண்டிலேயே மாண்டிருந்தால், 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அதே மதுரைக் குன்றுகளிலே அச்சணந்தி உருவம் செதுக்குவித்தது எங்ஙனம்? ஐவர்மலையில், பாண்டியன் வரகுணன் காலத்தில், 870ஆம் ஆண்டு, சாந்திவீரக் குரவர் பழைய திருமேனிகளைப் புதுக்கி, வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தது எங்ஙனம்? உத்தமபாளையத்துப் பாறை எழுந்தது எங்ஙனம்? கழுவேறியவர்கள் எழுந்து வந்து கல் செதுக்கவில்லை! கதையைவிடக் கல் வலிது.

அப்படியானால் பகையே இருந்ததில்லையா? இருந்தது. தேவாரத்திலே சமணர் மீது சொரியப்பட்ட வசைமொழிகள் இன்றும் அச்சில் உள்ளன. கழுவேற்றியதைப் பெருமையெனப் பாடும் மனம் 12ஆம் நூற்றாண்டில் இருந்தது என்பதே அக்கால வெறுப்புக்குச் சான்று. ஆனால், பள்ளிகள் ஒரு நாளிலே, ஒரு கழுமரத்திலே சாகவில்லை. மெல்ல மெல்லச் செத்தன. அவ்வரலாறு கழுமரக் கதையைவிடக் கசப்பானது.

அதே பள்ளத்தாக்கிலே, உத்தமபாளையத்துக்கு அருகிலேயே இருக்கிறது சின்னமனூர். அங்கே கிடைத்த செப்பேடுகள் பாண்டியர் வரலாற்றுக்குப் பெருங்கருவூலம். அவற்றுள் பெரியதான இராசசிம்மன் செப்பேடு 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. நற்செய்கைப் புத்தூர் என்னும் ஊர் முழுவதையும், மந்தரகௌரவமங்கலம் என்று பெயர் மாற்றி, வேதியர் ஒருவருக்கு மன்னன் வழங்கியதை அது பறைசாற்றுகிறது. எண்ணிப் பாருங்கள்! ஒரு பக்கம் குன்றின்மேல் விளக்கெரிக்க ஒருவர் தந்த சிறு கொடை, கல்லிலே இரண்டொரு வரியாக. மறு பக்கம் ஓர் ஊரே கொடையாக, செப்பேட்டிலே வம்சப் புகழோடு. தமிழ்ப்பெயர் போய் வடமொழிப்பெயர் வந்து அமர்கிறது. நிலம் எவரிடம் செல்கிறதோ, நெல் அவரிடம் செல்லும். நெல் எவரிடம் செல்கிறதோ, மாணவர் அவரிடம் செல்வர். பட்டினி கிடக்கும் பள்ளியை இடிக்க வாளும் வேண்டுமோ?

அடுத்து, இடம் மாறிற்று. திருப்பரங்குன்றத்தின் தென்புறத்துக் குடைவரை ஒன்று சமணர்க்கு உரியதாக இருந்தது; 13ஆம் நூற்றாண்டிலே, பாண்டியர் ஆட்சியில், உமையாண்டார் கோயில் என்னும் சிவன் கோயிலாக மாறிற்று. தெற்கே சிதறால் மலையின் சமணக் கோயில் பகவதி கோயிலாயிற்று. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்று புகழ்பெற்ற பெரும்பள்ளி ஒன்று இருந்தது. அங்கே பயின்றோர் பெயர் சமணர்மலைப் பாறைகளில் இருக்கிறது. பள்ளியோ இல்லை! அதன் கற்கள் திருச்சுழி அருகே பள்ளிமடத்துச் சிவன் கோயிலிலே எழுத்தோடு கிடைத்தன. கோல்செஸ்டரில் உரோமர் செங்கல் மடமானது போல, இங்கே பள்ளியின் கல் கோயிலாயிற்று.

இறுதியாகப் பெயரும் மறைந்தது. கற்படுக்கைகளைக் கண்ட மக்கள் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்றனர். மலை 'ஐவர்மலை' ஆயிற்று. சமணர்மலையிலே அமர்ந்த கோலத்துத் தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று எண்ணிச் 'செட்டிப்பொடவு' என்றனர். மக்களைக் குறை கூறுவதற்கில்லை. எழுத்தறிவை இழந்த மக்கள், எழுத்துப் பொறித்த பாறையின் முன் வேறென்ன செய்வர்? தெரியாததைக் கும்பிட்டனர். கும்பிட்டதால் உடைக்காமலும் விட்டனர்! கருப்பண்ணசாமியின் காவலிலே தீர்த்தங்கரர் தப்பினார் என்றால் மிகையாகாது.

குற்றம் முழுவதும் பிறர் மீதா? அன்று. சமணத் துறவிலும் வாழ்வை வெறுக்கும் போக்கு இருந்தது. அட்டோபவாசி என்று பட்டம் பெற்ற ஆசிரியர் உண்டு. எண்முறை நோன்பிருப்பவர் என்பது பொருள். உண்ணாது உயிர்விடுதலைப் பேறென்றனர். பெண்ணாசிரியரை ஏற்ற அதே சமயத்தின் திகம்பரப் பிரிவு, பெண் பிறவியில் வீடுபேறில்லை என்றது. உழைத்து உண்ணும் குடிகளை நம்பி நின்றவர்கள், அக்குடிகளின் ஆட்டத்தையும் பாட்டையும் காதலையும் இகழ்ந்தனர். ஆடலும் பாடலுமாகப் பக்தி இயக்கம் தெருவுக்கு வந்தபோது மக்கள் அதன் பின்னே சென்றதற்கு இதுவும் ஒரு காரணம். மடம் எவருடையதாயினும் மடமே. அதன் கல்வியைப் போற்றுவோம். அதன் கண்மூடித்தனத்தைப் போற்ற வேண்டியதில்லை.

சமணர் அடியோடு அழிந்தாரோ என்றால், அதுவும் இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்களிலே நயினார் என்ற பெயரோடு தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். மேல்சித்தாமூரிலே அவர்தம் மடம் இருக்கிறது. சமணர் தந்த நன்னூலைச் சமயம் பார்க்காமல் தமிழ் மாணவர் படிக்கின்றனர். 'பள்ளி' என்னும் சொல்லோ எல்லோர்க்கும் பொதுவாயிற்று. இசுலாமியர் தொழுமிடம் பள்ளிவாசல், கோயிலிலே பள்ளியறை, ஊரிலே பள்ளிக்கூடம். சொல்லைக் கழுவேற்ற எவராலும் இயலவில்லை!

பிரிட்டன் தன் மன்னன் இடித்த மடங்களின் எச்சங்களை இன்று புல்வெட்டி, வேலியிட்டு, வரலாறு எழுதிப் பலகை நாட்டிக் காக்கிறது. தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் அங்கே வந்த ஆண்டு 1882. இந்தியாவில் 1904. சட்டம் மட்டும் போதுமா? 2012இல் மதுரை மாவட்டக் கிரானைட் குவாரி முறைகேடுகள் வெளிவந்தபோது நாடு கண்டதென்ன? ஈராயிரம் ஆண்டு நின்ற குன்றுகளையும் வெடிமருந்து ஒரு பகலில் தின்றுவிடும் என்பதையே! 2024இல் அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தது. தமிழ்ப் பிராமி எழுத்தும் கற்படுக்கையும் சமணச் சிற்பமும் உள்ள மலை அது. ஊர் மக்கள் எழுந்தனர், உழவர் அணிவகுத்தனர், 2025 சனவரியில் ஏலம் நீக்கப்பட்டது. அங்கே மலையைக் காத்தது மன்னனும் அல்லன், மடாதிபதியும் அல்லன். எந்தச் சமயத்தின் பாறை என்று பாராமல், நம் ஊரின் பாறை என்று எழுந்த மக்கள்!

எனவே, இளைஞர்களே! உத்தமபாளையம் செல்லுங்கள். சாமி கும்பிட வேண்டாம்; சாபமிடவும் வேண்டாம். வட்டெழுத்தறிந்த ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படிக்கக் கேளுங்கள். கேட்டதை ஊருக்குக் கூறுங்கள். எந்த மன்னன் வென்றான் என்பதைவிட, எந்த ஆசிரியர் எந்த மாணவரை உருவாக்கினார் என்பதைச் சொல்லும் பாறை அது.

நாளைக் காலை, "பள்ளிக்கூடம் போய் வருகிறேன்" என்று அச்சிறுவன் புறப்படும்போது, அச்சொல்லின் வரலாற்றையும் அறிந்தவனாகப் புறப்படட்டும். பள்ளி எங்கே போயிற்று என்று கேட்டோமே — அது அவனோடுதான் நடந்துகொண்டிருக்கிறது!